முன்னே எழுதிய விதி, பின்னே செதுக்கிய கதை: அரசனைத் தேர்ந்தெடுத்தல் குறித்து

1. கேள்வி

தமிழ்நாட்டில் தேர்தல் வரலாற்றைப் பற்றி யார் பேச்செடுத்தாலும் உத்திரமேரூர் வந்துவிடும். முதலாம் பராந்தகன் காலத்தில் 919இலும் 921இலும் வெட்டப்பட்ட அந்தக் கல்வெட்டுகளைப் பாடநூல் மேற்கோள் காட்டுகிறது, மேடைப் பேச்சாளர் கைதட்டல் வாங்குகிறார். அதில் பிழையில்லை. ஆனால் அக்கல்வெட்டுகள் பேசுவது ஏரி வாரியத்தையும் தோட்ட வாரியத்தையும் சம்வத்சர வாரியத்தையும் பற்றி. அரியணைக்கு யார் வர வேண்டும், அதை யார் முடிவு செய்ய வேண்டும் என்பதைப் பற்றி அவற்றில் ஒரு சொல்லும் இல்லை. ஏரிக்குத் தூர்வார ஆள் எடுப்பதற்கு அத்தனை நுணுக்கமாக விதி வகுத்த ஒரு சமூகம், நாட்டை ஆள்பவனை எடுப்பதற்கு ஏன் ஒரு விதியும் எழுதி வைக்கவில்லை?

ஐரோப்பாவின் நடுப்பகுதியில் நிலைமை தலைகீழ். புனித உரோமைப் பேரரசு என்று அழைக்கப்பட்ட ஜெர்மானிய நாடுகளின் கூட்டத்தில், பேரரசனைத் தேர்ந்தெடுப்பதற்கான விதி 1356இலேயே ஓர் ஆணையாக எழுதப்பட்டு, தங்க முத்திரை தொங்க வெளியானது. அந்த முத்திரையின் பெயராலேயே அது இன்றும் அறியப்படுகிறது. 1806இல் பேரரசு கலையும்வரை, சுமார் 450 ஆண்டுகள், அதுவே அடிப்படைச் சட்டம்.

அரசர் தேர்தல் பற்றிய எழுத்துகளில் இரண்டு மனப்போக்குகளைக் காணலாம். ஒன்று பெருமிதம்: மக்களே மன்னனைத் தேர்ந்தெடுத்தார்கள், ஆகவே குடியாட்சி நம் மண்ணிலேயே முளைத்தது என்பது. மற்றது அவநம்பிக்கை: எல்லாம் நாடகம், வாளும் பணமும் முடித்த காரியத்துக்குப் பின்னால் பூசிய மெருகு என்பது. இரண்டு தரப்பும் ‘அது உண்மையான தேர்தலா?’ என்ற ஒரே கேள்வியில் நின்றுவிடுகின்றன. அதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: தேர்தலைப் பற்றிய ஆவணத்தை எழுதியவர் யார், எப்போது எழுதினார்? தேர்ந்தெடுத்தவரா, தேர்ந்தெடுக்கப்பட்டவரா, வெளியே நின்று பார்த்தவரா? இந்த அளவுகோலோடு பிராங்க்பர்ட், காஞ்சி, மானூர், கடைசியாக எங்கள் முத்துக்குளித்துறை ஆகிய நான்கு இடங்களைப் பார்ப்பதே இக்கட்டுரையின் முயற்சி.

2. பிராங்க்பர்ட்: ஏழு பேரின் வாக்கு

1356 ஆணைப்படி வாக்குரிமை ஏழு பேருக்கு மட்டும். மைன்ஸ், கொலோன், திரியர் ஆகிய மூன்று நகரங்களின் பேராயர்கள். போகீமிய அரசர், ரைன் பகுதியின் பாலட்டினேட் பிரபு, சாக்சனி கோமகன், பிராண்டன்பர்க் எல்லைப் பிரபு ஆகிய நால்வர். பெரும்பான்மையே போதும், ஏழில் நான்கு வாக்கு விழுந்தால் அது ஒருமித்த முடிவாகவே கொள்ளப்படும். மைன்ஸ் பேராயர் மற்றவர்களை ஒவ்வொருவராகக் கேட்டு, தம் வாக்கைக் கடைசியாகச் சொல்வார். முப்பது நாளுக்குள் முடிவு எட்டப்படாவிட்டால், முடிவு வரும்வரை தேர்வாளர்களுக்கு ரொட்டியும் தண்ணீரும்தான். தேர்தலுக்குப் போகிற பிரபுவை வழியில் யாரும் மறிக்கக் கூடாது, அவன் கடந்து செல்லும் நாட்டுக்காரன் வழித்துணை தர வேண்டும் என்றும் விதி உண்டு. பகைவன் நாட்டின் வழியாகத்தான் வாக்களிக்கப் போக வேண்டும் என்பதை அறிந்தவர்கள் எழுதிய விதி அது.

விதி இத்தனை தெளிவாக இருந்தும் விளைவு ஒரே குடும்பத்தைச் சுற்றியே வந்தது. 1438 முதல் 1740 வரை தேர்ந்தெடுக்கப்பட்டவர் எல்லோரும் ஹாப்ஸ்பர்க் குடும்பத்தவர். பேரரசர் உயிரோடு இருக்கும்போதே தம் மகனையோ தம்பியையோ ‘உரோமையரின் அரசர்’ ஆகத் தேர்ந்தெடுக்கச் செய்துவிடுவது வழக்கமாயிற்று. 1531இல் ஐந்தாம் சார்லசின் தம்பி பெர்டினாண்டும், 1562இல் பெர்டினாண்டின் மகன் மாக்சிமிலியனும் அப்படி வந்தவர்கள். 1742இல்தான் பவாரியக் குடும்பத்து ஏழாம் சார்லஸ் இடையே புகுந்தார். மூன்றே ஆண்டில் அவர் இறக்க, மரியா தெரேசாவின் கணவர் பிரான்சிஸ் வழியாகப் பட்டம் மீண்டும் அந்த வீட்டுக்கே போய்ச் சேர்ந்தது.

அப்படியானால் எதற்குத் தேர்தல்? 1519ஆம் ஆண்டுத் தேர்தல் இதற்கு விடை தருகிறது. பேரரசர் முதலாம் மாக்சிமிலியன் இறந்ததும் அவர் பேரனும் ஸ்பெயின் அரசருமான 19 வயதுச் சார்லஸ் ஒரு பக்கம், பிரான்சு அரசர் முதலாம் பிரான்சிஸ் மறுபக்கம் நின்றார்கள். இங்கிலாந்தின் எட்டாம் ஹென்றியும் எட்டிப் பார்த்தார். சார்லசுக்காகச் செலவான தொகை சுமார் எட்டரை லட்சம் பொற்காசு. அதில் ஐந்து லட்சத்துக்கு மேல் ஆக்ஸ்பர்க் நகரத்து வணிகர் யாக்கோப் ஃபுக்கர் கொடுத்த கடன். நான் இல்லாமல் உங்களுக்கு மகுடம் கிடைத்திராது என்ற பொருளில் நான்கு ஆண்டு கழித்து அவர் பேரரசருக்கே எழுதிய கடிதம் பெயர்பெற்றது. அவநம்பிக்கைக்காரர்கள் இங்கே நிறுத்திக்கொள்வார்கள்.

நிறுத்தக் கூடாது. ஜூன் 28 அன்று பிராங்க்பர்ட்டில் வாக்கு விழுந்தது. சில நாளிலேயே சார்லசின் பெயரால் ஒரு நிபந்தனைப் பத்திரம் முடிவாயிற்று. அரசுப் பணிகளை ஜெர்மானியருக்கே தருவேன், அரசு எழுத்துகள் ஜெர்மன் மொழியிலோ இலத்தீனிலோ இருக்கும், தேர்வாளர் ஒப்புதல் இல்லாமல் அந்நியப் படையை உள்ளே கொண்டுவர மாட்டேன், விசாரணை இல்லாமல் எவரையும் சட்டத்துக்குப் புறம்பானவர் என்று அறிவிக்க மாட்டேன் என்பன அதில் உள்ள வாக்குறுதிகளுள் சில. அன்றிலிருந்து வந்த ஒவ்வொரு பேரரசரும் இப்படி ஒரு பத்திரத்துக்குக் கட்டுப்பட்டே பட்டமேற்றார். தேர்வாளர்கள் கையில் இருந்த அதிகாரம் யார் அரசன் என்பதைவிட, எந்த நிபந்தனையில் அரசன் என்பதில்தான் இருந்தது. குடும்பம் மாறவில்லை, ஒவ்வொரு முறையும் விலை மட்டும் புதிதாகப் பேசப்பட்டது. அந்தப் பேரத்தின் ஆவணம் தேர்ந்தெடுத்தவர்களின் கையிலேயே இருந்தது என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

3. காஞ்சி: பன்னிரண்டு வயதுப் பல்லவமல்லன்

தமிழகத்தில் பேரரசன் ஒருவன் தேர்ந்தெடுக்கப்பட்டான் என்று சொல்லத்தக்க நிகழ்வு சுமார் 731இல் நடந்தது. பல்லவ அரசன் இரண்டாம் பரமேசுவரவர்மன் வாரிசு இல்லாமல் இறந்தான். சிம்மவிஷ்ணுவின் வழிவந்த கிளை அத்தோடு நின்றது. சிம்மவிஷ்ணுவின் தம்பி பீமவர்மனின் வழியில் வந்த இரணியவர்மனின் மகன் அழைத்து வரப்பட்டு, நந்திவர்மன் என்ற பெயரோடு முடிசூட்டப்பட்டான். பல்லவமல்லன் என்று வரலாறு அறிந்த அவன் அறுபத்தைந்து ஆண்டு ஆண்டான்.

இதற்கான முதன்மைச் சான்று காஞ்சி வைகுந்தப் பெருமாள் கோயிலில் இருக்கிறது. பரமேச்சுர விண்ணகரம் என்ற பழம்பெயருடைய அக்கோயிலைக் கட்டியவன் பல்லவமல்லனே. கருவறையைச் சூழ்ந்த திருச்சுற்று மாளிகையின் சுவரில் பல்லவர் வரலாறு வரிசை வரிசையாகச் செதுக்கப்பட்டிருக்கிறது. சிலவற்றின் அருகே இன்ன காட்சி என்று விளக்கும் தமிழ் வாசகங்களும் உண்டு. இவற்றை முறையாக ஆராய்ந்தவர் சி. மீனாட்சி. அவர் 1940இல் முப்பது வயதுகளின் நடுவிலேயே இறந்துபோக, நூல் அடுத்த ஆண்டு தொல்லியல் துறை வெளியீடாக வந்தது. பல்லவர் ஆய்வில் இன்றும் அவரைத் தாண்டிப் போக முடிவதில்லை.

வாசகங்கள் சொல்லும் கதை இது. அமைச்சர்களான மாத்திரர், நாட்டின் முதன்மைக் குடிகளான மூலப்பிரகிருதிகள், கடிகை என்ற கல்விக்கழகத்தைச் சேர்ந்த கடிகையார் ஆகியோர் இரணியவர்மனிடம் போய், நாட்டுக்கு அரசன் வேண்டும் என்று கேட்கிறார்கள். அவன் தன் மக்களை அழைத்து யார் போகிறீர்கள் என்கிறான். மூத்த மூவரும் மறுக்கிறார்கள். பன்னிரண்டு வயதுக் கடைக்குட்டி, நான் போகிறேன் என்று எழுந்து நிற்கிறான். தந்தைக்கு மனம் வரவில்லை. தரணிகொண்ட போசர் என்ற பெரியவர் சமாதானம் சொல்கிறார். வந்தவர்கள் கொண்டுவந்த பொருள்களைப் பார்த்து இவை யானைத் தலைகளோ என்று அவன் மயங்க, அவை யானைத் தலைகள் அல்ல, உன் மகனுக்கான மகுடங்கள் என்று விளக்கம் வருகிறது. பிறகு மலையும் ஆறும் காடும் கடந்த பயணம். பல்லவடி அரையர் படையோடு எதிர்கொண்டு யானைமேல் ஏற்றிக் காஞ்சிக்குள் கொண்டுவருகிறார். மகாசாமந்தரும் நகரத்தாரும் மூலப்பிரகிருதிகளும் எதிர்கொள்ள, முடிசூட்டு நடக்கிறது.

அந்த மகுட மயக்கம் கதையில் எதற்கு? அரச வாழ்வு இரணியவர்மனின் கிளைக்கு எவ்வளவு தொலைவில் இருந்தது என்பதை அது அறியாமலே காட்டிக்கொடுக்கிறது. மகுடத்தைப் பார்த்துப் பழகிய வீட்டில் இப்படி ஒரு கேள்வி எழாது. பதவிக்கு அலைந்து வந்தவர்கள் அல்லர், தேடி வந்தது அவர்களை என்று காட்டுவதற்காகவே சிற்பி இதை வைத்தான் என்பது என் வாசிப்பு. மூத்தவர்கள் மூவர் மறுப்பதும் அதற்கே துணை செய்கிறது.

இரணியவர்மன் எங்கிருந்து வந்தான் என்பதில் ஆராய்ச்சியாளர் கருத்து பிரிகிறது. கடல் கடந்த சம்பா நாட்டிலிருந்தோ கம்புச நாட்டிலிருந்தோ வந்தான் என்ற ஊகம் அண்மைக் காலத்தில் இணையத்தில் வேகமாகப் பரவியிருக்கிறது. கேட்க இனிக்கிறது. ஆனால் வாசகம் மலையையும் ஆற்றையும் காட்டையும் சொல்கிறதே தவிரக் கடற்பயணத்தைச் சொல்லவில்லை. இவ்வளவு பெருமைக்குரிய ஒரு கடற்பயணம் நடந்திருந்தால் சிற்பி அதை விட்டிருப்பானா?

செப்பேடுகளைப் பார்க்கும்போது சிக்கல் கூடுகிறது. பல்லவமல்லனின் 22ஆம் ஆட்சியாண்டுக் காசாக்குடிச் செப்பேடு, பீமவர்மனிலிருந்து இரணியன் வரை தலைமுறைகளை வரிசைப்படுத்தி, இவன் குடிகளால் தேர்ந்தெடுக்கப்பட்டவன் என்று சொல்கிறது. அதற்கு ஓராண்டு முந்தையதான உதயேந்திரம் செப்பேடோ, இவனைப் பரமேசுவரவர்மனின் மகன் என்றே கூறுகிறது. இன்று கிடைக்கும் உதயேந்திர ஏடு பிற்காலத்தில் எடுத்த படியாகலாம் என்ற ஐயம் உண்டு. ஆகையால் அதன்மேல் அதிகம் பாரம் ஏற்றக் கூடாது. இருந்தாலும் ஓர் அரசனைப் பற்றி ‘பிறந்து வந்தவன்’, ‘தேர்ந்து வந்தவன்’ என்று இரண்டு கதைகள் உலவியிருக்கின்றன என்பது தெளிவு.

அதே உதயேந்திரம் ஏடு இன்னொரு செய்தியையும் தருகிறது. நந்திபுரத்தில் தமிழ் அரசர்கள் பல்லவமல்லனை முற்றுகையிட்டபோது, படைத்தலைவன் உதயசந்திரன் சித்திரமாயன் என்ற பல்லவனைக் கொன்று தன் அரசனை மீட்டான் என்கிறது. யார் இந்தச் சித்திரமாயன்? பரமேசுவரவர்மனின் மகன் என்று சிலரும், வேறு கிளையினன் என்று சிலரும் கருதுகிறார்கள். எப்படியாயினும் பல்லவ இரத்தம் உடைய போட்டியாளன் ஒருவன் இருந்தான். பாண்டியன் மாறவர்மன் இராசசிம்மன் அவனுக்குத் துணை நின்றான் என்பது வரலாற்றாசிரியர் பலரின் முடிவு. இராசசிம்மன் பல்லவமல்லனை நெடுவயல், குறுமடை முதலிய இடங்களில் வென்றதாகப் பாண்டியரின் வேள்விக்குடிச் செப்பேடு புகழ்கிறது. வைகுந்தப் பெருமாள் கோயிலின் விளக்க வாசகங்களில் இந்தச் சித்திரமாயன் இல்லை. ‘வாரிசு இல்லை, ஆகவே தேர்ந்தோம்’ என்ற கதைக்கு அவன் பொருந்தமாட்டான்.

இதைக் கொண்டு இது வெறும் அரியணைக் கவர்வு என்று முடிவு கட்டும் கட்சி ஒன்று உண்டு. நான் அவ்வளவு தூரம் போகமாட்டேன். பிறப்புரிமை வலுவாக இருந்த அரசன் கடிகையாரையும் மூலப்பிரகிருதிகளையும் சுவரில் ஏற்ற வேண்டிய தேவையில்லை. இன்னார் இன்னார் கூடி என்னை அரசனாக்கினார்கள் என்று தன் காசில் கட்டிய கோயிலில் எழுதி வைப்பது ஒருவகையில் கடன் ஒப்புதல். அந்தக் குழுக்களின் ஒப்புதல் இல்லாமல் காஞ்சியில் உட்கார முடியாது என்ற நிலை இருந்திருக்க வேண்டும். ஆனால் அவர்கள் பதிலுக்கு என்ன கேட்டார்கள், என்ன வாக்குறுதி பெற்றார்கள் என்பதற்குச் சுவரில் ஒரு வரியும் இல்லை. பேரம் நடந்திருக்கலாம், அதன் சீட்டு நம்மிடம் வரவில்லை. கதையைச் சொன்னவன் தேர்ந்தெடுக்கப்பட்டவன், சொன்ன காலம் அவன் வென்று நிலைபெற்ற பின்பு.

இந்தியாவின் பிற சான்றுகளும் இப்படியே. எல்லா வருணத்தாரும் கூடித் தன்னைத் தலைவனாகத் தேர்ந்தார்கள் என்று உருத்திரதாமன் சுமார் 150இல் சூனாகட் பாறையில் எழுதினான். வலியோர் எளியோரை விழுங்கும் நிலையை மாற்றக் குடிகள் கோபாலனை அரசனாக்கினார்கள் என்று சொல்வது அவன் மகன் தருமபாலனின் காலிம்பூர்ச் செப்பேடு. ஒன்றில் பேசுபவன் வென்றவனே, மற்றதில் வென்றவனின் மகன். நம் மரபில் கரிகாலனை யானை தேர்ந்தெடுத்ததாக ஒரு கதை வழங்குகிறது. தேர்ந்தெடுத்தது யானை என்றால் பிறகு யாருக்கும் நன்றிக்கடன் பட வேண்டியதில்லை என்ற வசதியும் அதில் இருக்கிறது.

4. மானூர்: எதிர்ப்புக்கு ஐந்து காசு

திருநெல்வேலியிலிருந்து சங்கரன்கோவில் போகும் சாலையில் இருக்கிறது மானூர். அங்குள்ள கோயிலில், பாண்டியன் மாறஞ்சடையனின் 35ஆம் ஆட்சியாண்டில், சுமார் 800ஆம் ஆண்டளவில் வெட்டிய வட்டெழுத்துக் கல்வெட்டு ஒன்று உண்டு. உத்திரமேரூருக்கு நூறாண்டுக்கும் மேல் மூத்தது. சபையில் அமர்ந்து பேசத் தகுதி யாருக்கு என்பதே அதன் பொருள். நிலப்பங்கு உடையவரின் மக்களில் ஒழுக்கமும் கல்வியும் உள்ள ஒருவரே அந்தப் பங்குக்காகச் சபையில் அமரலாம். முழுப் பங்கு இல்லாதவர் அமர முடியாது. கொண்டுவரும் முடிவுக்கெல்லாம் அன்று, அன்று என்று சொல்லிக் குறுக்கே நிற்பவரும் அவருக்குத் துணை போகிறவரும் ஐந்து காசு தண்டம் கட்ட வேண்டும்.

இந்தத் தண்டத்தைப் படிக்கும்போது போலந்து நினைவுக்கு வருகிறது. அந்நாட்டுப் பிரபுக்கள் 1573 முதல் அரசர்களை வெளிப்படையாக வாக்களித்துத் தேர்ந்தவர்கள். அவர்கள் நாடாளுமன்றத்தில் ஓர் உறுப்பினர் முடியாது என்றால் கூட்டமே கலையும் உரிமை 1652இலிருந்து நடைமுறைக்கு வந்தது. அந்த நாடு சீர்குலைந்ததற்கு அதுவும் ஒரு காரணம் என்பது பொதுவான கணிப்பு. மானூர்ச் சபையார் அந்த நோயை முன்னமே கண்டு ஐந்து காசு மருந்து வைத்தார்கள் என்று பாராட்டலாம்தான். ஆனால் நிலமுள்ள, மறையோதிய ஆண்கள் மட்டுமே அமர்ந்த அவையில் எதிர்ப்புக்கும் விலை வைத்தார்கள் என்றும் அதையே படிக்கலாம். எனக்கு இரண்டாவது வாசிப்பே கனமாகப் படுகிறது.

உத்திரமேரூர் விதிகள் இன்னும் விரிவானவை. குடும்புகள் என்ற முப்பது ஊர்ப் பிரிவுகள், வயது 35க்கு மேல் 70க்குள், வரி செலுத்தும் கால்வேலிக்கு மேற்பட்ட நிலம், சொந்த மனையில் வீடு. முந்திய மூன்றாண்டில் வாரியம் செய்தவரும், கணக்குக் காட்டாதவரும் அவர் உறவினரும் விலக்கு. பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்திலிட்டுக் குலுக்கி, சபை நடுவே ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கச் சொல்வார்கள். எடுத்த ஓலையை நடுவர் ஐந்து விரலும் அகல விரித்த உள்ளங்கையில் வாங்கி, உரக்கப் படிக்க வேண்டும். கைக்குள் வேறு ஓலை ஒளிந்திருக்கக் கூடாது என்பதுதான் அந்த விரித்த கையின் பொருள். அதாவது, அப்படி ஒளித்தவர்களை ஊர் பார்த்திருக்கிறது.

வெனிஸ் நகரம் 1268 முதல் தன் தலைவனான டோஜைத் தேர்ந்த முறையிலும் சீட்டுக் குலுக்கல் உண்டு, உருண்டை எடுக்க ஒரு சிறுவனும் உண்டு. அங்கே அது தலைமைப் பதவிக்கே பயன்பட்டது. இங்கே அரசன் அதற்கு மேலே நின்றான். 919இலும் 921இலும் அவனுடைய அதிகாரி உடனிருக்கவே சபை விதி செய்தது. முன்னே எழுதிய விதி ஏரிக்கரையோடு நின்றதற்கு விடை இங்கே இருக்கிறது. ஜெர்மனியின் ஏழு பிரபுக்களும் தத்தம் நாட்டை ஆண்டவர்கள். பேரரசன் எதிரே வந்து கேட்க வேண்டிய படையும் வருவாயும் அவர்கள் கையில் இருந்தன. காஞ்சிக் கடிகையாருக்கும் மூலப்பிரகிருதிகளுக்கும் மதிப்பு இருந்தது. அப்படித் தனி நாடு இருந்ததற்குச் சான்று இல்லை. நிபந்தனையை எழுதி வாங்க, அது மீறப்பட்டால் ஏதாவது செய்யும் வலு வேண்டும்.

5. முத்துக்குளித்துறை: பட்டங்கட்டிகள் தேர்ந்த அரசர்

தூத்துக்குடியை அடுத்த முத்தையாபுரத்திலிருந்து பார்த்தால் துறைமுகத்துப் பளுதூக்கிகள் தெரியும் இந்தக் கரையில், ஐந்தாம் சார்லசின் காலத்திலேயே ஒரு தேர்தல் நடந்தது என்று சொல்ல இடமிருக்கிறது. வேம்பாறு முதல் மணப்பாடு வரை நீளும் பரவர் ஊர்களுக்குப் பட்டங்கட்டிகள் என்ற ஊர்த்தலைவர்கள் இருந்தார்கள். அவர்களுக்கு மேலே சாதித்தலைவர். 1530களின் நடுவில் முத்துப்படுகை உரிமை தொடர்பாக முஸ்லிம் வணிகர்களோடு மோதல் முற்றியபோது, கோழிக்கோட்டுக் குதிரை வணிகரும் கிறித்தவருமான ஜுவாம் த குரூஸ் சொன்ன யோசனைப்படி பட்டங்கட்டிகள் கொச்சிக்குப் போய்ப் போர்த்துகீசியரிடம் அடைக்கலம் கேட்டார்கள். ஞானஸ்நானம் அதற்கு ஈடு. ஓரிரு ஆண்டுக்குள் ஆயிரக்கணக்கானோர் திருமுழுக்குப் பெற்றார்கள்.

இதை மதமாற்ற வரலாறாகவே நாம் படித்திருக்கிறோம். அரசியல் செயலாகவும் படிக்கலாம். ஒரு சிலர் கூடி, தாம் கண்டிராத ஓர் அரசரை எல்லோருக்குமாகத் தேர்ந்தார்கள். அந்த அரசர் போர்த்துகலின் மூன்றாம் ஜுவாம்; பிராங்க்பர்ட்டில் தேர்வான ஐந்தாம் சார்லசின் தங்கை கணவர். பட்டங்கட்டிகளுக்கு நிபந்தனையும் இருந்தது: படுகையில் பாதுகாப்பு. ஆனால் அவர்கள் கையெழுத்தில் ஒரு பத்திரமும் நமக்கு வரவில்லை. நடந்ததைச் சொல்வோர் பாதிரிமாரும் போர்த்துகீசிய எழுத்தர்களும். காஞ்சியில் தேர்ந்தெடுக்கப்பட்டவன் எழுதினான். இங்கே வேற்றார் எழுதினார்கள்.

அதன் விளைவு சீக்கிரமே தெரிந்தது. 1542இல் வந்த பிரான்சிஸ் சவேரியார், 1544இல் தம் உதவியாளர் மன்சில்யாசுக்கு எழுதிய கடிதங்களில் கடற்கரைத் தலைவராக இருந்த கோஸ்மே தெ பைவாவின் அடாவடிகளைப் பற்றிக் கசப்போடு பேசுகிறார். பாதுகாப்புக்காகத் தேர்ந்த அரசரின் ஆளே தொல்லை ஆனபோது, பரவர் காட்டி முறையிட ஒரு பத்திரம் இல்லை. சவேரியாரின் பேனாவே அவர்களுக்கு வழக்காடியது.

1658இல் டச்சுக்காரர் தூத்துக்குடியைப் பிடித்தபோது பட்டங்கட்டிகள் மறுபடி பேச வேண்டியிருந்தது. இம்முறை அவர்கள் நடந்துகொண்ட விதம் வேறு. முத்துக்குளிப்பிலும் சங்கிலும் துணி வணிகத்திலும் டச்சுக் கம்பெனியோடு ஒத்துப்போனார்கள். சாதித்தலைவர் கம்பெனிக்கும் கரைக்கும் நடுவே நின்றார், அவர் பதவி ஒரு குடும்பத்தின் வழிவழிச் சொத்தாகவும் உறுதிப்பட்டது. கோயில் விஷயத்தில் மட்டும் மசியவில்லை. கம்பெனி சீர்திருத்த சபைக்கு இழுத்துப் பார்த்தும் அவர்கள் கத்தோலிக்கராகவே நின்று, கோவாவை நோக்கியே இருந்தார்கள். தூத்துக்குடியில் டச்சு அதிகாரம் நீடித்த காலத்திலேயே, 1713இல் பனிமய மாதாவுக்குப் புதிய கோயில் எழுந்தது. எங்கள் கடற்கரையார் ‘ஏழு கடல்துறை ஏக அடைக்கலத் தாய்’ என்று அழைக்கும் அந்த மாதாவுக்குச் சாதித்தலைவர் தொன் கபிரியேல் வாஸ் கோமஸ் தங்கத்தேர் செய்து ஓட்டியது 1806இல். ஜெர்மானியத் தேர்வாளர்களின் பேரரசு கலைந்ததும் அதே ஆண்டு என்பது தற்செயல்தான். சார்லசின் பத்திரத்தில் எழுத்தில் இருந்தது போன்ற ஒரு வரம்பை, இதுவரை ஆளலாம், இதற்குமேல் கூடாது என்பதை, இக்கரையார் டச்சுக் கம்பெனிக்கு எழுதிக் கொடுக்கவில்லை. கம்பெனிக்கு முத்துக்குளிக்க ஆள் வேண்டியிருந்தது. அந்த ஆள்களை அனுப்புவது பட்டங்கட்டிகள் கையில் இருந்தது.